ஒரே வீட்ல ரெண்டு எல்எல்ஆர்

போன ஆகஸ்ட்டுல இருந்து இந்த ஜனவரி வரைக்கும் எங்க வீட்டு வாசல்ல நின்ன ரெண்டு வண்டியிலயும் சிவப்பு எல் ஒட்டியிருந்துச்சு. கார்ல இருந்தது எனக்கு, வயசு 43. பைக்ல இருந்தது என் மகனுக்கு, 18 முடிஞ்ச மூணாவது வாரமே எல்எல்ஆர் போட்டுட்டான். நாங்க இருக்குறது கோட்டையூர், காரைக்குடிக்குப் பக்கம். தெருவுல போறவங்க எல்லாம் "என்னத்தா, வீட்டையே டிரைவிங் ஸ்கூல் ஆக்கிட்டியா"ன்னு கேட்டுட்டுத்தான் போவாங்க.

அந்த ஆறு மாசத்துல நாங்க ரெண்டு பேரும் பண்ணாத தப்பு இல்லை. எல்லாத்துக்கும் காரணம் ஒன்னுதான், எல்எல்ஆர்ங்கிறத ஒரு குட்டி லைசென்ஸ்னு நெனச்சுட்டோம். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறாங்க. "எல்எல்ஆர் போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன, எடுத்துட்டுப் போ" அப்படிம்பாங்க. துபாய்ல இருக்குற எங்க வீட்டுக்காரரும் போன்ல அதையேதான் சொன்னாரு. அவர் லீவுல வந்தா மட்டும் ஓட்டுற கார், மீதி பதினோரு மாசம் ஷெட்டுல கெடந்து பேட்டரி செத்துப்போகும், நானோ அப்பத்தாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒவ்வொரு தடவையும் டாக்ஸிக்குப் போன் போட்டுட்டு இருப்பேன். இதுதான் நான் கார் பழக வந்த கதை.

இன்னொரு காரணமும் இருக்கு. ஆனி மாசம் ஒரு கல்யாணத்துக்கு அக்கா குடும்பத்தோட அமெரிக்காவுல இருந்து வந்திருந்தா, கலிபோர்னியா. அக்கா மகளுக்கு 16 வயசு, அங்க பெர்மிட் வாங்கி ஓட்டிப் பழகிட்டு இருக்கா. வந்த மறுநாளே "சித்தி, ஸ்கூட்டி சாவி குடுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்"னு கேட்டா. நான் குடுக்கவும் போனேன். என் தம்பிதான் புடுங்கி வச்சுட்டான். அவன் அப்ப சொன்னது எனக்குப் புதுசு. 18 ஆகாத புள்ள வண்டி ஓட்டி மாட்டுனா 2019ல திருத்துன சட்டப்படி வண்டிக்காரவுகளுக்கோ பெத்தவுகளுக்கோ மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், அந்த வண்டியோட ஆர்சி ஒரு வருஷத்துக்கு ரத்து, புள்ளைக்கு 25 வயசு ஆகுற வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. 16 வயசுல கியர் இல்லாத வண்டி ஓட்டலாமேன்னு கேட்டேன். ஓட்டலாம், ஆனா 50 சிசிக்குள்ள இருக்கணும், எல்எல்ஆர் இருக்கணும். எங்க ஸ்கூட்டி 110 சிசி. வாசல்ல நிக்கிற எல்லா ஸ்கூட்டியும் அப்படித்தான். அங்க வாங்குன பெர்மிட் இங்க வேலைக்கு ஆகாது.

அக்கா மக மூஞ்சி சுருங்கிப்போச்சு, ஆனா அன்னைக்கு ராத்திரி திண்ணையில உக்காந்து அவங்க ஊரு ரூல எல்லாம் சொன்னா பாருங்க, எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. 18க்குக் கீழன்னா ஆறு மாசம் பெர்மிட்ட கையில வச்சிருக்கணுமாம், அதுக்குள்ள 50 மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்கணும், அதுல 10 மணி நேரம் ராத்திரில. பக்கத்துல லைசென்ஸ் உள்ள பெரியவங்க இருக்கணும், அப்பா அம்மா இல்லாட்டி 25 வயசு தாண்டுன ஆளு. அதுக்கப்புறம் லைசென்ஸே கெடச்சாலும் முதல் ஒரு வருஷம் ராத்திரி 11ல இருந்து விடியக்காலம் 5 வரைக்கும் தனியா ஓட்டக்கூடாது, 20 வயசுக்குக் கீழ உள்ள கூட்டாளிகள ஏத்தக்கூடாது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் ஓட்டுனோம்னு அக்காவும் அவளும் குறிச்சு வச்சிருக்காங்க. போன்ல படம் காட்டுனா. எங்க தாத்தா ஒரு செட்டியார் வீட்டுல கணக்கப்பிள்ளையா இருந்தவரு, அந்தப் படத்தப் பார்த்திருந்தா அவளுக்கு ஒரு ரூபா குடுத்திருப்பாரு.

அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

எல்எல்ஆர் போட்டது பெரிய வேலையில்ல. 40 வயசு தாண்டுனவங்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணும், ஃபார்ம் 1ஏன்னு பேரு, அது தெரியாம ஒரு நாள் அலைஞ்சேன், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் டெஸ்ட்டுல 100க்கு 60 எடுத்தா போதும். மகன் வெரசா முடிச்சுட்டு வெளிய வந்து நின்னான், நான் அந்த சைகை படத்துக்கெல்லாம் கண்ணாடியப் போட்டு கழட்டிப் போட்டு கழட்டி ஒரு வழியா தேறுனேன்.

பேப்பர் கையில வந்ததும் தம்பி சொன்னான், "அக்கா, இது ஓட்டுறதுக்கு இல்ல, கத்துக்கிறதுக்கு"ன்னு. அப்ப அது வசனம் மாதிரி இருந்துச்சு. ஆனா சட்டத்துல அப்படியேதான் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் லைசென்ஸ் இல்லாம யாரும் ரோட்டுல ஓட்டக்கூடாதுங்குது. பழகுறவங்களுக்கு மட்டும் அதுல ஒரு விலக்கு, அந்த விலக்குக்கு உள்ள நிபந்தனை 1989 மத்திய மோட்டார் வாகன விதியில 3வது விதியா இருக்கு. ஒன்னு, செல்லுபடியாகுற எல்எல்ஆர் இருக்கணும். ரெண்டு, அந்த வண்டிய ஓட்டுறதுக்கு லைசென்ஸ் உள்ள ஒருத்தர் கூட இருக்கணும், சும்மா இருந்தா பத்தாது, வண்டியக் கட்டுப்படுத்தவோ நிப்பாட்டவோ முடியுற இடத்துல உக்காந்திருக்கணும். மூணு, வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் எல் இருக்கணும். இதுல ஒன்னு விட்டாலும் விலக்கு போச்சு. எல்எல்ஆர் பையில இருந்தாலும் லைசென்ஸ் இல்லாம ஓட்டுன கணக்குலதான் வருவீங்க. அதுக்கு 5,000 ரூபா அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. வண்டியக் குடுத்தவங்களுக்கும் தனியா அதே 5,000.

மூணாவதுல இருந்து சொல்றேன், அதுதான் லேசு. காரைக்குடி செக்காலை ரோட்டுல ஒரு ஸ்டிக்கர் கடையில எல் கேட்டேன், உள்ளங்கை அகலத்துல மஞ்சள் கலர்ல ஒன்னு குடுத்தாரு. தம்பி பார்த்துட்டு சிரிச்சான். வெள்ளை மேல சிவப்பு எழுத்து இருக்கணும், அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடிக்கோடு 9 சென்டிமீட்டர். மகனோட ஸ்கேல வச்சு நாங்களே சார்ட்டுல வெட்டி ஒட்டுனோம். எதுக்கு இம்புட்டு அளவுன்னு நெனச்சேன். அப்புறம் ரோட்டுல போகும்போது தெரிஞ்சுது, அந்தப் பெரிய எல்லைப் பார்த்தா பஸ் டிரைவர்கூட ரெண்டு முழம் தள்ளி வர்றாரு. ஹார்ன் அடிக்கிறவங்க அடிக்கத்தான் செய்வாங்க, ஆனா ஒட்டிட்டுப் போய் வாங்குன திட்டு, ஒட்டாம போன அன்னைக்கு வாங்குனதுல பாதிகூட இல்ல.

ரெண்டாவதுதான் எங்கள ஆட்டி வச்சது.

செப்டம்பர்ல ஒரு நாள் பிள்ளையார்பட்டி போலாம்னு அப்பத்தா கெளம்பிருச்சு. வண்டி நான்தான் ஓட்டுறேன், தம்பிதான் கூட. அப்பத்தாவுக்கு முட்டி வலி, பின்னாடி ஏறி இறங்க முடியாது, அதனால முன்சீட்டுல அப்பத்தா, பின்சீட்டுல தம்பி. எங்க யாருக்கும் ஒன்னும் தோணல. குன்றக்குடி தாண்டுனதும் ரோட்டோரம் மேஞ்சுட்டு இருந்த ஆட்டுக்குட்டி ஒன்னு சடார்னு குறுக்க ஓடியாந்துச்சு. நான் பிரேக்குன்னு நெனச்சு கிளட்ச்ச மட்டும் மிதிச்சேன், வண்டி நிக்காம உருளுது, தம்பி பின்னாடி இருந்து "பிரேக்கு பிரேக்கு"ன்னு கத்துறான், நடுவுல கைய விட்டு ஹேண்ட்பிரேக்க எட்டப் பார்க்குறான், அப்பத்தா கைப்பை அங்க மாட்டிக்கிட்டு இருக்கு. குட்டி எப்படியோ தப்பிச்சுருச்சு. அப்பத்தா மட்டும் அசையாம "பிள்ளையாரப்பா"ன்னு ஒத்த வார்த்தை சொல்லுச்சு.

கோயில் மண்டபத்துல உக்காந்திருக்கும்போதுதான் தம்பிக்கு உறைச்சது. "கூட ஆள் இருந்தேன், ஆனா நிப்பாட்டுற இடத்துல இல்லையே"ன்னான். முன்சீட்டுல உக்காந்திருந்தா அவன் வலது கைக்கு நேரா ஹேண்ட்பிரேக், ஸ்டியரிங்கையும் புடிச்சுத் திருப்பலாம். பின்சீட்டுல உக்காந்தா லைசென்ஸ் பாக்கெட்டுல இருந்து என்ன பிரயோஜனம். திரும்பி வரும்போது தம்பி ஓட்டுனான், அன்னையிலேர்ந்து நான் பழகுற நாள்ல அப்பத்தாவ ஏத்துறதில்ல. கார் மாத்துறவங்க ஒன்னு கவனிங்க, இப்ப வர்ற சில வண்டிகள்ல கைப்பிடி ஹேண்ட்பிரேக்கே இல்ல, வெறும் பட்டன்தான். பழகுறதுக்கு இழுக்குற பிரேக் உள்ள பழைய வண்டிதான் நல்லதுன்னு என் கணக்கு.

கூட இருக்குறவருக்கு எந்த லைசென்ஸ்ங்கிறதுலயும் ஒரு வம்பு இருக்கு. என்கிட்ட ஏற்கனவே கியர் இல்லாத டூவீலர் லைசென்ஸ் இருக்கு, பத்து வருஷமா ஸ்கூட்டி ஓட்டுறேன். மகன் கியர் பைக் பழகுறான். "அம்மாதான் லைசென்ஸ் வச்சிருக்காங்கள்ல, பின்னாடி உக்காரட்டும்"னு அவன் சொன்னான், நானும் பெருமையா ஏறி உக்காந்து ரெண்டு நாள் பள்ளத்தூர் வரைக்கும் போயிட்டு வந்தோம். அது செல்லாது. கூட இருக்குறவருக்கு அந்த வண்டிய ஓட்டுற லைசென்ஸ் இருக்கணும், எனக்கு கியர் வண்டிக்கு லைசென்ஸே கெடையாது. ஆக எங்க வீட்டுல ரெண்டு பேர் பழகுறோம், ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுக்கத் தகுதியான ஆளு ஒரே ஆளு, தேவகோட்டையில வேலை பார்க்குற என் தம்பி, அவனுக்கும் ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு. இத முதல்லயே யோசிச்சிருந்தா ரெண்டு எல்எல்ஆரையும் ஒரே சமயத்துல போட்டிருக்க மாட்டோம். வீட்டுல ஒருத்தர் லைசென்ஸ் வாங்குன பிறகு அடுத்தவர் ஆரம்பிக்கிறதுதான் சரி.

மகன் அந்த ஞாயித்துக்கிழமைக்குக் காத்திருப்பானா. அக்டோபர்ல ஒரு நாள் சாயங்காலம் போன் வருது, "அம்மா, தேவகோட்டை ரஸ்தாகிட்ட போலீஸ் நிப்பாட்டிட்டாங்க." ஸ்கூட்டிய எடுத்துட்டு ஓடுனேன். பின்னாடி கூட்டாளியோட போயிருக்கான், கூட்டாளிக்கும் எல்எல்ஆர்தான், ரெண்டு பேரும் ரெண்டு பேப்பரையும் நீட்டியிருக்கானுங்க, ரெண்டு எல்எல்ஆர் சேர்ந்தா ஒரு லைசென்ஸ் ஆயிரும்ங்கிற மாதிரி. அந்த சார் பொறுமையானவரு, எனக்கும் சேர்த்துத்தான் பாடம் எடுத்தாரு. பைக் பழகுறவன் பின்னாடி யாரையும் ஏத்தக்கூடாது, சொல்லிக் குடுக்குற லைசென்ஸ்காரர் ஒருத்தர மட்டும் ஏத்தலாம், வேற யாரு உக்காந்தாலும் அது தப்பு, தம்பி தங்கச்சியா இருந்தாலும் சரின்னாரு. அப்புறம் என்னையப் பார்த்து, "வண்டி யாரு பேருல"ன்னு கேட்டாரு. என் பேருல. "அப்ப உங்க மேலயும் போடலாம் தெரியுமா"ன்னாரு. அவனுக்கு 5,000, எனக்கு 5,000, மொத்தம் 10,000 மனசுக்குள்ள ஓடுச்சு. கடைசில பின்னாடி இருந்த பையன் ஹெல்மெட் போடலன்னு 1,000 ரூபா மட்டும் போட்டு விட்டாரு. எல்லாரும் இப்படி விடுவாங்கன்னு நம்பிறாதீங்க. அன்னைக்கு எங்க நேரம் நல்லா இருந்துச்சு.

அபராதத்த விட எனக்குப் பயம் புடிச்ச எடம் வேற ஒன்னு, இன்சூரன்ஸ்.

அது என் தப்புல தெரிஞ்சது. நவம்பர் தொடக்கத்துல ஒரு நாள் மத்தியானம், தெரு காலியா கெடக்கு, தம்பி இல்ல, ஷெட்டுல இருந்து வண்டிய எடுத்து தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துரலாம், நூறடிதானேன்னு தனியா எடுத்தேன். திரும்பி ரிவர்ஸ்ல வரும்போது பக்கத்து வீட்டு வாசல் கல்லுல பின்பக்கக் கதவு உரசி நசுங்கிருச்சு. பழைய காலத்துக் கல்லு, அதுக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே, கிளைம் பண்ணிக்கலாம்னு ஏஜென்டுக்குப் போன் பண்ணேன். அவர் முதல் கேள்வியே "யாரு ஓட்டுனது, பக்கத்துல யாரு இருந்தா"ங்கிறதுதான். நான் இழுத்தேன். அவர் பாலிசிய எடுத்துப் படிங்கன்னாரு. அஞ்சாறு வருஷமா பீரோவுல இருக்குற பேப்பர், அன்னைக்குத்தான் கண்ணாடி போட்டுப் படிச்சேன். ஓட்டுநர் பத்தி ஒரு பத்தி இருக்கு, எல்எல்ஆர் உள்ளவரும் ஓட்டலாம், ஆனா 1989 விதியில 3வது விதிப்படி ஓட்டணும்னு. அதே மூணு நிபந்தனை, அப்படியே அங்கயும் வந்து உக்காந்திருக்கு.

தம்பி பக்கத்துல இருந்தான்னு சொல்லிரலாம்னு நாலு பேர் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. வராததுக்கு நேர்மை பாதி, பயம் பாதி, எங்க தெருவுல அன்னைக்கு அத்தனை ஜன்னலும் பார்த்துட்டுத்தான் இருந்துச்சு. டிங்கர் பெயின்ட் வேலைக்கு 8,500 கையில இருந்து போச்சு. அதோட போனது அதிர்ஷ்டம். கல்லுக்குப் பதிலா ஒரு ஆளு நின்னிருந்தா? மூணாம் நபருக்கு அடிபட்டா, கோர்ட்டு இன்சூரன்ஸ் கம்பெனிய முதல்ல நஷ்டஈடு கட்டச் சொல்லி, அப்புறம் வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கன்னு உத்தரவு போடலாம்னு ஏஜென்ட் விளக்குனாரு. நூறடி தூரத்துக்கு வீட்டையே அடகு வச்ச மாதிரி. எல்எல்ஆர் வச்சிருக்குற எல்லாரும் இன்னைக்கு ராத்திரி பாலிசிய எடுத்து அந்த ஒரு பத்திய மட்டுமாவது படிச்சிருங்க.

இப்ப பழகுன விஷயத்துக்கு வர்றேன். டிரைவிங் ஸ்கூல்ல 20 நாள் போனேன். மாஸ்டர் தங்கமான மனுஷன், ஆனா அந்த வண்டியில அவரு காலடியிலயும் கிளட்ச், பிரேக் இருக்கு. நான் ஓட்டுறேன்னு நெனச்சது எல்லாம் பாதி அவரு ஓட்டுனது. 20வது நாள் எனக்கு நானே சபாஷ் சொல்லிட்டு எங்க கார்ல உக்காந்தா, கண்மாய்க் கரை ஏத்தத்துல மூணு தடவ ஆஃப் ஆகி பின்னாடி உருண்டுச்சு, பின்னாடி வந்த டிராக்டர்காரர் இறங்கி வந்து ஹாஃப் கிளட்ச் சொல்லிக் குடுத்தாரு. ஸ்கூலுக்குப் போங்க, வேண்டாங்கல, ஆனா மாஸ்டர்கிட்ட "இன்னைக்கு நீங்க காலு வைக்காம இருங்க"ன்னு கேட்டு ரெண்டு நாளாவது ஓட்டிருங்க.

அதுக்கப்புறம்தான் அக்கா மக கணக்க எடுத்தேன். நம்ம ஊருல 50 மணி நேரம்னு எந்தக் கட்டாயமும் கெடையாது. எல்எல்ஆர் போட்டு 30 நாள் ஆச்சுன்னா டெஸ்ட்டுக்குப் போயிரலாம், அந்த 30 நாள்ல வண்டியத் தொட்டியான்னு யாரும் கேக்குறதில்ல. எனக்கு அது சரின்னு படல. அதனால பழைய கணக்கு நோட்டு ஒன்ன எடுத்து கோடு போட்டு, தேதி, எங்க, எத்தனை நிமிஷம், என்ன தப்பு, நாலு கட்டம். ஞாயித்துக்கிழமைல தம்பியோட, வார நாள்ல சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணனோட, ரிட்டயர் ஆன பஸ் டிரைவர், அவருக்கு டீயும் பேச்சுத் துணையும் இருந்தா போதும். அவர் கண்டுபுடிச்ச எடம்தான் கானாடுகாத்தான்.

கானாடுகாத்தான் தெருவெல்லாம் நூல் புடிச்ச மாதிரி நேரா, அகலமா இருக்கும், பாதி வீடு பூட்டிக் கெடக்கும், வார நாள்ல டூரிஸ்ட் கூட்டமும் கம்மி. பழக அத விட நல்ல எடம் இல்லன்னு நெனச்சேன், ஒரு விஷயம் தவிர. அங்க வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுலதான் முடியும், அம்புட்டு நீளத்துக்கும் மதில். முக்குல வந்தா குறுக்குத் தெரு கண்ணுக்கே தெரியாது, மூக்க நீட்டுனாத்தான் தெரியும், மூக்குக்கு முன்னாடி பானெட் இருக்கே. அண்ணன் அங்க ஒவ்வொரு முக்குலயும் முழுசா நிப்பாட்டச் சொல்லுவாரு, ஃபர்ஸ்ட் கியர், கண்ணாடிய இறக்கி காதக் குடு, அப்புறம் ஊர்ந்து போன்னு. ஒரு தடவ சலிச்சுப்போயி "யாரும் வரல அண்ணே"ன்னு செகண்ட்லயே திருப்புனேன், எதிர்ல ஒரு சைக்கிள் ஐஸ்காரர். ரெண்டு பேரும் நின்னுட்டோம். அண்ணன் ஒன்னும் சொல்லல, எறங்கி மூணு ஐஸ் வாங்கிட்டு வந்தாரு, அதுல ஒன்ன அந்த ஐஸ்காரர்கிட்டயே குடுத்தாரு.

ராத்திரி ஓட்டுறதப் பத்தி ஒரு குழப்பம் இருக்கு. எல்எல்ஆர் வச்சிருந்தா ஆறு மணிக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு பேச்சு. அந்த 3வது விதியில அப்படி ஒன்னும் இல்ல. மாவட்டம் தாண்டக்கூடாதுங்கிறதும் அப்படித்தான், மகன் எல்எல்ஆர் வச்சுட்டு புதுக்கோட்டை மாவட்ட எல்லையில திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு. லைசென்ஸ் மாதிரியே எல்எல்ஆரும் இந்தியா முழுக்க செல்லும், சட்டத்துல 13வது பிரிவு. மூணு நிபந்தனையும் கூடவே வரணும், அவ்வளவுதான். ஹைவே, பைபாஸ்னு தனித் தடையும் அந்த விதியில எழுதல.

ஆனா சட்டம் தடுக்கலங்கிறதுக்காக எறங்கிறக்கூடாதுன்னு நான் சொல்லுவேன். அக்கா மக கணக்குல 10 மணி நேரம் ராத்திரி இருந்துச்சு, நானும் 10ன்னு வச்சேன், அதுல கடைசி ரெண்டு மணி நேரம் தை மாசம். எங்க பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்குறவங்க, குன்றக்குடி பக்கம் நகரத்தார் காவடி கூட்டம், ராத்திரி விடிய விடிய ரோட்டோரம் ஆளு. எதிர்ல வர்ற லாரி ஹைபீம் கண்ணுல அடிச்சா அந்த ரெண்டு செகண்டு எனக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியல. அண்ணன் "எதிர் லைட்டப் பார்க்காத, இடது ஓரக் கோட்டப் பாரு, காலை ஆக்ஸிலேட்டர்ல இருந்து எடு"ன்னாரு. வெளிச்சம் கடந்ததும் பார்த்தா ஓரத்துல ஒரு குடும்பமே நடந்து போகுது, கைக்குழந்தையோட, முதுகுல ஒட்டுன ரிஃப்ளெக்டர் பட்டை அப்பத்தான் மின்னுது. நோட்டுல அன்னைக்குத் "தப்பு" கட்டத்துல ஒன்னும் எழுதல. கை நடுங்குனது மட்டும் எழுதியிருக்கேன்.

டெஸ்ட்டுக் கதை சுருக்கம்தான். எல்எல்ஆருக்கு ஆறு மாசம்தான் உயிர். நான் சதுர்த்தி முடியட்டும், தீபாவளி முடியட்டும்னு தள்ளித் தள்ளி நவம்பர் கடைசில முதல் தடவ போனேன், ரிவர்ஸ்ல கோட்டத் தாண்டிட்டேன், பிரேக் இன்ஸ்பெக்டர் தலைய ஆட்டிட்டாரு. ஒரு தடவ தோத்தா ஏழு நாள் கழிச்சுத்தான் திரும்பப் போகலாம், மூணு தடவையும் தோத்துட்டா அப்புறம் 60 நாள் காத்திருக்கணும். இந்தக் கணக்க பிப்ரவரில முடியுற எல்எல்ஆரோட சேர்த்துப் போட்டுப் பார்த்தப்பதான் எனக்கு வேர்த்துச்சு. காலாவதி ஆயிட்டா பக்கத்துல யாரு உக்காந்தாலும் ஸ்டியரிங்கத் தொடக்கூடாது, திரும்ப முதல்ல இருந்து எல்எல்ஆர். அதனால 30 நாள் முடிஞ்சு ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்குள்ள முதல் டெஸ்ட்டப் போட்டுருங்க, தோக்குறதுக்கும் நாள் மிச்சம் இருக்கணும். நான் ஜனவரி கடைசில தேறுனேன். அன்னைக்கு நோட்டுல மொத்தம் 53 மணி நேரம் 20 நிமிஷம். மகன் எனக்கு முன்னாடியே எட்டு போட்டு, கால் ஊனாம, லைசென்ஸ் வாங்கிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் எல் ஸ்டிக்கரக் கிழிச்சேன். பின் கண்ணாடியில பசை இன்னும் போகல, தேங்காண்ணெய் தேச்சுப் பார்த்தாச்சு.

மகன் இப்ப காருக்கும் எல்எல்ஆர் போட்டிருக்கான். சட்டப்படி நான் லைசென்ஸ் வாங்குன மறுநாளே அவனுக்குச் சொல்லிக் குடுக்க உக்காரலாம், இத்தனை வருஷ அனுபவம் வேணும்னு அந்த விதி கேக்கல. எனக்குத்தான் தைரியம் வரல. ரெண்டு மாசம் தனியா ஓட்டிப் பார்த்துட்டு, போன ஞாயித்துக்கிழமைதான் முதல் தடவ இடது சீட்டுல உக்காந்தேன், சார்ட்டுல புது எல் வெட்டி ஒட்டி, வலது கை ஹேண்ட்பிரேக் மேல. நோட்டுல புதுப் பக்கம் திருப்பி அவன் பேர எழுதியாச்சு. முதல் வரி: கானாடுகாத்தான், 40 நிமிஷம், நாலு தடவ ஆஃப், முக்குல ரெண்டு தடவ நிப்பாட்டல.